மலையூரில் அக்கம்பக்கத் தொல்லை: குறிப்பேட்டில் தொடங்கி கோட்டாட்சியர் வரை, படிப்படியாக

நள்ளிரவில் ஸ்பீக்கர் அலறும் காட்டேஜ், படிக்கட்டுப் பாதையில் உட்கார்ந்து குடித்துவிட்டு பாட்டிலை உடைத்துப் போட்டுப் போகும் கூட்டம், மேல்வீட்டுச் சாக்கடை கீழ்வீட்டு முற்றத்தில் விழுவது, கேட்கப் போனால் மிரட்டல். குன்னூர், கோத்தகிரி, ஊட்டி, கூடலூர்ப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இதெல்லாம் புதிதில்லை. கொடைக்கானலிலும் இதே பாடுதான்.

எங்கள் குன்னூர்ச் சரிவில் குடியிருப்போர் சங்க வேலையாக இந்த மாதிரிப் புகார்களைக் கையாண்டு பார்த்ததில் பிடிபட்ட முறையை இங்கே எழுதுகிறேன். புதிதாகப் புகாரோடு வருபவர்கள் சறுக்குவது பெரும்பாலும் வரிசையில்தான். கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிட்டு, அப்புறம் முதல் படிக்குத் திரும்பி வருவார்கள். அதற்குள் எதிராளி உஷாராகியிருப்பான்.

1. எந்த வகைத் தொல்லை என்று முதலில் பிரியுங்கள்

ஒவ்வொரு தொல்லைக்கும் போக வேண்டிய அலுவலகம் வேறு. தப்பான இடத்தில் மனு கொடுத்தால் "இது எங்க வேலை இல்லைங்க" என்று திருப்பி அனுப்ப இரண்டு வாரம் எடுத்துக் கொள்வார்கள்.

உயிருக்கு ஆபத்து என்றால் கீழே உள்ள எந்தப் படியும் வேண்டாம். கத்தியைக் காட்டுவது, கல்வீச்சு, வீட்டுக்குள் புகுவது எல்லாவற்றுக்கும் உடனே 112. பெண்கள் உதவிக்கு 181, குழந்தைகளுக்கு 1098. குறிப்பேடு, சமாதானப் பேச்சு எல்லாம் பிறகு.

கஞ்சா, கள்ளச் சாராய விற்பனையிலும் நீங்கள் நேரில் போய்ப் பேசக் கூடாது. 10581 என்ற கட்டணமில்லா எண்ணில் சொல்லுங்கள். இதற்குத் தெருவில் கையெழுத்து இயக்கம் நடத்த வேண்டாம். கையெழுத்துத் தாள் பாதி வீட்டைத் தாண்டுவதற்குள் விற்பவனுக்குத் தகவல் போய்விடும்.

இரவுச் சத்தம், பொது இடத்தில் குடி, குப்பை, கழிவுநீர், வழியை மறிப்பது, வசைபாடுவது ஆகியவைதான் இந்த வழிகாட்டிக்கு உரியவை.

இன்னொரு வகையும் உண்டு: தொல்லையே இல்லாதது. பிள்ளைகள் சாயங்காலம் கிரிக்கெட் ஆடுவது, லயன் வீட்டு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) வாசலில் நாலு பேர் உட்கார்ந்து பேசுவது, பக்கத்து வீட்டுக் கருவாட்டு வாசனை, வேறு மதத்துக்காரர் வழிபாடு. இவையும் புகாராக வருகின்றன. தோட்டத் தொழிலாளிகள், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்கள், பழங்குடி மக்கள், வடமாநிலத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள் எல்லோரும் கலந்து வாழும் மலை இது. "அந்த ஆளுங்க இங்க வந்ததுல இருந்து" என்று தொடங்கும் புகாரை நான் வாங்குவதில்லை. ஆட்களைப் பற்றி எழுதினால் அது புகார் ஆகாது. நடந்த செயலைப் பற்றி எழுதுங்கள்.

தெருவில் தனியாகப் பேசிக்கொண்டு, சில சமயம் கத்திக்கொண்டு திரிபவருக்கும் போலீஸ் தேவையில்லை. அவர் குடும்பத்தோடு பேசுங்கள். 14416 என்ற மனநல உதவி எண் இருக்கிறது.

2. மனு எழுதும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

மலையில் ஒரு வளைவு தாண்டினால் அதிகாரம் மாறிவிடும். இந்தப் பக்கம் நகராட்சி, அந்தப் பக்கம் ஊராட்சி, கொஞ்சம் கீழே தோட்ட நிர்வாகத்தின் லயன், அதை ஒட்டி வனத்துறை நிலம். வெலிங்டன் பக்கம் என்றால் ராணுவக் குடியிருப்புப் பகுதிக்கான கன்டோன்மென்ட் போர்டு வேறு. தொல்லை நடக்கும் இடம் யாருடைய எல்லையில் வருகிறது என்று வார்டு கவுன்சிலரிடமோ கிராம நிர்வாக அலுவலரிடமோ கேட்டு உறுதி செய்யுங்கள். உங்கள் வீடு எந்த எல்லையில் இருக்கிறது என்பது வேறு கேள்வி. நிறையப் பேர் குழம்புவது இங்கேதான்.

காவல் நிலைய எல்லையையும் அப்படியே பாருங்கள். பஸ்ஸில் பக்கத்து ஸ்டாப்பாக இருப்பது வேறு நிலையமாக இருக்கும்.

அடுத்து உரிமையாளர். காட்டேஜ் கேட்டில் தொங்கும் போன் எண் பெரும்பாலும் கேர்டேக்கருடையது. உரிமையாளர் கோவையிலோ சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பார். கதவு எண்ணைக் குறித்துக் கொண்டு, சொத்துவரி வசூலிக்க வருபவரிடமோ கவுன்சிலரிடமோ கேட்டால் பெயர் தெரிந்துவிடும். இந்தப் பெயர் இல்லாமல் ஆறாவது படி நடக்காது.

3. குறிப்பேடு போடுங்கள்

எல்லாப் படிகளிலும் இதுதான் முக்கியம், எல்லோரும் தாண்டிப் போவதும் இதைத்தான். "தினமும் ராத்திரி தூங்க முடியல சார்" என்று சொன்னால், ஸ்டேஷன் ரைட்டர் முதலில் கேட்பது "என்னைக்கு, எத்தனை மணிக்கு?" என்றுதான். அந்த இடத்தில் யோசிக்க ஆரம்பித்தால் புகார் பாதி செத்துவிட்டது.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தனித்தாள் வேண்டாம், பின்னாடி சேர்த்து எழுதியது என்று எதிராளி சொல்ல இடம் கொடுக்கக் கூடாது. நடந்த அன்றே, அதிகம் போனால் மறுநாள் காலையில் எழுதிவிட வேண்டும்.

இப்படி எழுதினால் பயனில்லை: "குடிகாரப் பசங்க வழக்கம்போல ராத்திரி முழுக்க அட்டகாசம்."

இப்படி எழுதுங்கள்: "சனி. இரவு 11.40 முதல் 1.15 வரை. மேல்ரோட்டுக் காட்டேஜின் பின்தோட்டம். ஸ்பீக்கரில் பாட்டு. ஜன்னல் சாத்தியும் படுக்கையறையில் பாட்டு வரி தெளிவாகக் கேட்டது. 12.05க்கு கேர்டேக்கருக்குப் போன், எடுக்கவில்லை. 12.20க்கு 112. 12.55க்கு ரோந்து வண்டி வந்ததும் சத்தம் நின்றது. 1.05க்கு மறுபடி, பத்து நிமிடம். அம்மா மூன்று மணி வரை தூங்கவில்லை."

இரண்டாவதில் திட்டு ஒன்றுகூட இல்லை பாருங்கள். நேரம், இடம், செயல், நீங்கள் செய்தது, அதனால் வீட்டில் ஏற்பட்ட பாதிப்பு. அதிகாரி அப்படியே தன் அறிக்கையில் எடுத்து எழுதிக் கொள்ளலாம். அவர் வேலையைக் குறைத்துக் கொடுத்தால் உங்கள் காகிதம் நகரும்.

சத்தத்துக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. மலையில் ஒலி ஏமாற்றும். பள்ளத்தில் போடும் பாட்டு எதிர்ச்சரிவில் மோதித் திரும்பி, மேல்வீட்டிலிருந்து வருவதுபோலக் கேட்கும். மூடுபனி இரவில் கண்ணாலும் பார்த்து உறுதி செய்ய முடியாது. அதனால் மேலும் கீழும் உள்ள இரண்டு வீட்டிலாவது அதே இரவு அதே நேரத்தில் எங்கிருந்து கேட்டது என்று விசாரித்து, ஒத்துப் போனால் மட்டும் இடத்தை எழுதுங்கள். தவறான வீட்டைக் குற்றம் சாட்டிவிட்டால் அப்புறம் சரியான வீட்டைச் சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

எவ்வளவு காலம் எழுதுவது? வாரக் கடைசித் தொல்லை என்றால் மூன்று, நான்கு வாரம். தினசரித் தொல்லை என்றால் பத்து நாளில் ஒழுங்கு புரிந்துவிடும். அந்த ஒழுங்குதான் காரணத்தைக் காட்டும். டாஸ்மாக் கடை இரவு 10 மணிக்கு மூடுகிறது. நிழற்குடையில் கூச்சல் 10.15க்குத் தொடங்கி ஒரு மணி நேரத்தில் ஓய்கிறது என்று நோட்டு சொன்னால், அந்த ஒரு மணி நேரத்துக்கு ரோந்து கேட்டால் போதும். "இரவு முழுக்க ரோந்து வேண்டும்" என்று கேட்டால் கிடைக்காது. ஆள் இல்லை என்பார்கள், அது உண்மையும்கூட.

4. படம், காணொளி, ஒலிப்பதிவு

உங்கள் வீட்டுக்குள்ளிருந்தோ பொதுப் பாதையிலிருந்தோ எடுத்தது மட்டும் போதும். அடுத்தவர் ஜன்னலுக்குள் கேமராவைத் திருப்பினால் குற்றவாளி நீங்களாகிவிடுவீர்கள். சிசிடிவி வைத்தாலும் உங்கள் வாசலையும் பாதையையும் பார்க்கும்படி வையுங்கள்.

கேமரா வாங்கும் முன் ஒன்று யோசித்துக் கொள்ளுங்கள். இரவுப் பார்வைக் கேமராவின் அகச்சிவப்பு வெளிச்சம் மூடுபனியில் பட்டுத் தெறித்து, திரை முழுக்க வெள்ளையாகத் தெரியும். ஜூலை, ஆகஸ்டில் அதை நம்பி உட்காராதீர்கள். பாதையில் தனியாக ஒரு விளக்குப் போட்டு, கேமராவை அந்த விளக்கிலிருந்து தள்ளி வைத்தால் ஓரளவு தெளியும்.

போனில் எடுத்த மூலக் கோப்பை அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கோப்பு சுருங்குவதோடு, எடுத்த நேரம் போன்ற விவரங்களும் போய்விடும். நீதிமன்றம் வரை போனால் மின்னணுப் பதிவுக்கு பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் தர வேண்டும். மூலக் கோப்பும் எடுத்த போனும் இருந்தால் அது சுலபம். போனில் உள்ள டெசிபல் செயலி காட்டும் எண்ணை நோட்டில் எழுதிக் கொள்ளலாம். அதையே ஆதாரம் என்று வாதாட வேண்டாம்.

எடுத்ததை ஊர் குழுவில் போடவே போடாதீர்கள். அவதூறு வழக்கு ஒரு பக்கம். படத்தில் இருப்பது பதினெட்டு வயதுக்குட்பட்ட பையன் என்றால் விஷயம் இன்னும் சிக்கலாகும். அதைவிட, குழுவில் படம் வந்த அன்றே சமாதானத்துக்கான வழி அடைபட்டுப் போகும். மானம் போனவனுக்கு அடங்கிப் போவதால் என்ன லாபம்?

5. நேரில் பேசுவது

பாதித் தொல்லை இந்தப் படியில் முடிந்துவிடும். ஆனால் எப்போது போகிறீர்கள், யார் போகிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது.

சத்தம் நடந்துகொண்டிருக்கும்போது போகாதீர்கள். குடித்திருப்பவனிடம் பேசி ஜெயித்தவர் யாருமில்லை. இங்கே வேறு காரணமும் உண்டு: இரவு பதினொரு மணிக்கு டார்ச்சோடு தேயிலைக்குள் இறங்கிப் போனால் வழியில் காட்டுமாடோ கரடியோ நிற்கும். மறுநாள் காலை பத்து, பதினொரு மணி சரியான நேரம். வெயில் வந்து, தேநீர் குடித்து, ஆள் நிதானமாக இருக்கும் வேளை.

இரண்டு பேர் போங்கள். தனியாகப் போனால் பின்னால் "அவர்தான் அடிக்க வந்தார்" என்று பேச்சு மாறும். ஐந்து பேர் போனால் படையெடுப்பாகத் தெரியும். இருவரில் ஒருவராவது அந்த வீட்டாருக்கு அறிமுகமானவராக இருக்கட்டும். படுகர் ஹட்டி (படுகர் மக்களின் ஊர்) என்றால் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் முதலில் சொல்லிவிடுவது மரியாதை. அவர் ஒரு வார்த்தை சொன்னாலே பல சமயம் வேலை முடிந்துவிடும். லயனில் என்றால் தொழிற்சங்கத்தில் இருக்கும் அண்ணனையோ, மகளிர் குழுத் தலைவி அக்காவையோ கேளுங்கள்.

பேச்சு இப்படிப் போகலாம்:

"தம்பி, நேத்து ராத்திரி பாட்டு ஒரு மணி வரைக்கும் எங்க வீட்டுக்குள்ள கேட்டுச்சு. அம்மாவுக்கு வயசு எழுபத்தஞ்சு, தூங்க முடியல. பத்து மணிக்கு மேல உள்ள வச்சுக் கேட்டுக்கங்க, இல்லன்னா குறைச்சுக்கங்க. முடியுமா?"

"சாரி அண்ணே, இவ்வளவு தூரம் கேட்கும்னு தெரியாது."

பல சமயம் நிஜமாகவே தெரியாது. சமவெளியிலிருந்து வந்தவருக்குப் பள்ளத்தாக்கில் சத்தம் எவ்வளவு தூரம் போகும் என்ற அனுபவம் இல்லை. "போலீஸ்ல சொல்லுவேன்" என்று முதல் பேச்சிலேயே எடுத்தால், அப்புறம் மிரட்ட உங்கள் கையில் ஒன்றும் மிச்சமிருக்காது. கேட்பது ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். சத்தம், குப்பை, வண்டி நிறுத்துவது, நாய் என்று நாலையும் அடுக்கினால் எதிராளி நாலாவதைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வருவார்.

வீடு திரும்பியதும் என்ன பேசினீர்கள், அவர் என்ன ஒத்துக் கொண்டார் என்று நோட்டில் எழுதிவிடுங்கள். பேசிப் பார்த்தோம் என்பதற்கு அதுவே சாட்சி. அடுத்த படிகளில் எல்லா அதிகாரியும் கேட்கும் கேள்வி, "நேர்ல சொல்லிப் பாத்தீங்களா?"

ஒரு சலுகை: படுகர்களின் ஹெத்தை ஹப்பா பண்டிகை, கோயில் தீமிதி, கிறிஸ்துமஸ் பாட்டுப் பவனி, பக்கத்து வீட்டுக் கல்யாணம் இவையெல்லாம் ஆண்டுக்கு ஒரு முறை வந்து போவது. நோட்டில் ஏற்ற வேண்டாம். எல்லாவற்றுக்கும் புகார் கொடுப்பவர் என்று பெயர் வாங்கிவிட்டால் உண்மையான புகாரும் எடுபடாது.

6. வீட்டு உரிமையாளரை இழுத்துக்கொண்டு வாருங்கள்

வாடகைக்கு விட்ட இடத்தில் தொல்லை என்றால், இருப்பவனைவிட உரிமையாளருக்குத்தான் இழக்க நிறைய இருக்கிறது. அதனால் போலீசுக்கு முன் இவருக்கு எழுத வேண்டும்.

நீண்ட கால வாடகை வீடு: தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டப்படி, பொதுத் தொல்லை உண்டாக்கும் விதமாக வீட்டைப் பயன்படுத்துவது தவறான பயன்பாடு. அதை நிறுத்தச் சொல்லி உரிமையாளர் நோட்டீஸ் கொடுத்தும் தொடர்ந்தால், வெளியேற்றக் கேட்டு வாடகை நீதிமன்றம் போகலாம். உங்கள் கடிதத்தில் நோட்டுப் பக்க நகலை இணைத்து, இந்த நோட்டீஸைக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலும் நோட்டீஸோடு நின்றுவிடும்.

நாள் வாடகைக் காட்டேஜ், ஹோம்ஸ்டே: வாரத்துக்கு வாரம் ஆள் மாறுவதால் விருந்தினரிடம் பேசிப் புண்ணியமில்லை. உரிமையாளரிடம் மூன்று விஷயம் எழுத்தில் கேளுங்கள்: இரவு 10 மணிக்கு மேல் வெளியில் ஸ்பீக்கர் கிடையாது, இரவில் போன் எடுக்கும் ஒரு ஆள், மூடிபோட்ட குப்பைத் தொட்டி. மறுத்தால் உள்ளாட்சியில் அந்தக் கட்டடம் குடியிருப்பாகப் பதிவா, வணிகமாகப் பதிவா, தங்கும் விடுதி நடத்த அனுமதி உண்டா என்று கேட்டு மனு கொடுக்கலாம். அனுமதி இல்லாத இடத்துக்கு இந்தக் கேள்வியே பெரிய அழுத்தம்.

தோட்டக் குவார்ட்டர்ஸ் என்றால் மேனேஜருக்கோ தொழிலாளர் நல அலுவலருக்கோ எழுதுங்கள். ஒரு விஷயத்தில் மட்டும் நிதானம் வேண்டும். வேலை போனால் வீடும் போகும் இடம் அது. குடித்துவிட்டுச் சத்தம் போட்ட ஒருவருக்காக அவர் மனைவி மக்கள் தெருவுக்கு வரும்படி புகாரைக் கூர்மையாக்க வேண்டாம்.

7. கூட்டாகக் கையெழுத்துப் போடுங்கள்

ஒரு வீடு கொடுத்தால் தனிப்பட்ட தகராறு, நாலைந்து வீடு கொடுத்தால் பொதுத் தொல்லை. சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது: பாரதிய நியாய சன்ஹிதாவில் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) பொதுத் தொல்லை என்பது பொதுமக்களுக்கோ சுற்றுப்புறத்தில் வசிப்பவர்களுக்கோ பொதுவாகத் துன்பம் தரும் செயல்.

ஐம்பது கையெழுத்து வேண்டியதில்லை. உண்மையிலேயே பாதிக்கப்பட்ட ஐந்து வீடு, அதில் இரண்டில் தனி நோட்டு இருந்தால் தாராளம். எதிர்ச்சரிவிலிருந்து தோழமைக்காகக் கையெழுத்துப் போட்டவரை விசாரணையில் கூப்பிட்டு "உங்களுக்குக் கேட்டுச்சா?" என்றால் முழு மனுவும் ஆட்டம் காணும்.

8. காவல் நிலையம்

இரவில் நடக்கும்போது 112. அழைத்த நேரத்தை நோட்டில் குறியுங்கள். "காவல் உதவி" செயலியும் உண்டு. பகலில் எழுத்து மனு. அனுப்புநர், பெறுநர், பொருள் என்ற வழக்கமான வடிவில் ஒரே பக்கம். நோட்டு நகல் இணைப்பு. கடைசிப் பத்தியில் என்ன வேண்டும் என்று தெளிவாக: "சனி, ஞாயிறு இரவு 10 முதல் 12 வரை ரோந்து வேண்டும், உரிமையாளரை அழைத்து எச்சரிக்க வேண்டும்." பலர் மனுவை "தக்க நடவடிக்கை எடுக்குமாறு" என்று முடிப்பார்கள். எது தக்கது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

சத்தத்துக்குச் சட்டம் தெளிவாக இருக்கிறது. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு என்பது 10 முதல் காலை 6 வரை. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் வரம்பு. ஒலிபெருக்கிக்கு எழுத்து அனுமதி வேண்டும். இரவில் மூடிய அரங்கத்துக்குள் தவிர அனுமதி இல்லை. பண்டிகைக்கு என்று ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்த்தலாம், அவ்வளவுதான்.

மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது (மனுவைப் பதிவேட்டில் ஏற்றி எண் போட்டுத் தரும் ரசீது) கேட்டு வாங்குங்கள். எண் இல்லாத மனு காணாமல் போகும். அன்றே தரவில்லை என்றால் அதே மனுவை ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

புதியவர்கள் ஸ்டேஷனில் சண்டை போடுவது எஃப்.ஐ.ஆருக்காக. பொதுத் தொல்லை (பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 292, ஆயிரம் ரூபாய் வரை அபராதம்), பொது இடத்தில் போதையில் ரகளை (பிரிவு 355, 24 மணி நேரம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது சமூக சேவை) இரண்டும் பிடியாணை இல்லாமல் கைது செய்ய முடியாத குற்றங்கள். எஃப்.ஐ.ஆர். போட மாட்டார்கள், போடவும் முடியாது. அங்கே சி.எஸ்.ஆரும் எச்சரிக்கையும்தான் நீங்கள் எதிர்பார்க்கக் கூடியது. வீட்டுக்குள் அத்துமீறி நுழைவது, பெண்ணிடம் பாலியல் ரீதியாகத் தொந்தரவு செய்வது போன்றவற்றுக்கு எஃப்.ஐ.ஆர். கட்டாயம். மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட். பட்டியல் சாதி, பழங்குடி மக்களைப் பிறர் காணும் இடத்தில் சாதி சொல்லி இழிவாகத் திட்டியிருந்தால் அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வரும். மனுவில் அந்தச் சொற்களை மழுப்பாமல் அப்படியே எழுத வேண்டும்.

9. கோட்டாட்சியர்

பேச்சு, உரிமையாளர், போலீஸ் மூன்றும் முடிந்து தொல்லை தொடர்ந்தால் இங்கே வாருங்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152ஆம் பிரிவு (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133) பலருக்குத் தெரிவதில்லை. பொது வழியில் உள்ள தடையையோ தொல்லையையோ அகற்றவும், அக்கம்பக்கத்தார் உடல்நலத்துக்கோ நிம்மதிக்கோ கேடு செய்யும் தொழிலை நிறுத்தவோ ஒழுங்குபடுத்தவோ நிபந்தனை உத்தரவு போடவும் வருவாய்க் கோட்டாட்சியருக்கு அதிகாரம் உண்டு. எதிர்த்தரப்புக்கு வந்து காரணம் சொல்ல வாய்ப்புத் தருவார்கள். விசாரணையை 90 நாளில், காரணம் பதிந்தால் 120 நாளில் முடிக்க வேண்டும்.

கழிவுநீர் பொதுப் பாதையில் ஓடுவது, காட்டேஜ் வாராவாரம் செய்யும் சத்தம், படிக்கட்டுப் பாதையை அடைத்துக் கட்டியது ஆகியவற்றுக்கு இது பொருந்தும். இரண்டு வீட்டுக்கு நடுவே வேலித் தகராறு என்றால் பொருந்தாது. அது சிவில் கோர்ட். கீழ்வீட்டு முற்றத்தில் மட்டும் விழும் மேல்வீட்டுச் சாக்கடையை முதலில் உள்ளாட்சி சுகாதாரப் பிரிவுக்குக் கொண்டு போங்கள்.

நீலகிரியில் ஊட்டி, குன்னூர், கூடலூர் என மூன்று கோட்டாட்சியர் அலுவலகங்கள். கொடைக்கானல்காரர்களுக்கு அங்கேயே ஒன்று உண்டு. ஆட்சியரைப் பார்க்க மட்டும் திண்டுக்கல் வரை மலை இறங்க வேண்டும். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் குறைதீர்க்கும் நாள். மனு எப்படியும் கோட்டாட்சியருக்கே திரும்பி வரும் என்பதால், நேராக இங்கே கொடுப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. கோட்டாட்சியர் ஒரு மாதம் வாய் திறக்காவிட்டால் திங்கள்கிழமை போங்கள்.

திரும்பத் திரும்ப அடிதடி, மிரட்டல் என்றால் அதே சட்டத்தின் 126ஆம் பிரிவில் ஓராண்டு வரை அமைதி காப்பதாகப் பிணை எழுதி வாங்கலாம். போலீஸ் அறிக்கை வழியாகத்தான் அது பெரும்பாலும் போகும், பழைய சி.எஸ்.ஆர். எண்களுக்கு மதிப்பு வருவது இங்கேதான்.

மனு தூங்கினால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்டால் பதில் வராது. "இந்தத் தேதியிட்ட என் மனு இப்போது எந்த அலுவலர் மேசையில் உள்ளது, அதன் மீது எழுதப்பட்ட குறிப்புகளின் நகல் தருக" என்று கேளுங்கள்.

வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கு வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கிறது, எண் 15100.

10. இடத்தையும் மாற்றுங்கள்

காகித வேலை நடக்கும்போதே இதைத் தொடங்கலாம், யார் அனுமதியும் பெரிதாக வேண்டாம். ஆட்கள் உட்காரும் இடத்தைப் பகலில் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு எரியாத தெருவிளக்கு, பாதையை மறைக்கும் லான்டனா புதர், உட்கார வாகான ஒரு தடுப்புச்சுவர். விளக்கு எண்ணைச் சொல்லி உள்ளாட்சியில் புகார் செய்யுங்கள், புதரை வெட்டுங்கள். வெளிச்சத்தில் உட்கார்ந்து குடிக்க யாருக்கும் மனம் வராது.

பாட்டில்களைச் சேர்த்துத் திருப்பிக் கொடுக்கலாம். நீலகிரியில் 2022 முதல் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொண்டு வந்தால் திருப்பித் தருகிறார்கள். உடையாமல் கிடப்பதைப் பொறுக்கும் ஒருவருக்கு அது வருமானம், காட்டுமாட்டின் குளம்புக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் காலுக்கும் பாதுகாப்பு.

சாப்பாட்டுக் குப்பையைத் திறந்த தொட்டியில் போட்டால் இரவில் கரடியும் காட்டுப்பன்றியும் வரும். இதைக் காட்டேஜ்காரரிடம் சத்தத்தைவிட முதலில் சொல்லுங்கள். பாட்டு பக்கத்து வீட்டுப் பிரச்சினை என்று அவர் நினைக்கலாம். கரடி வந்தால் அவர் விருந்தினர்தான் முதலில் ஓடுவார்.

11. அடங்கிய பிறகு

நோட்டை மூடிவிடாதீர்கள். தொல்லை நின்ற தேதியை எழுதி வையுங்கள். மறுபடி தொடங்கினால் முதல் படிக்குப் போக வேண்டாம், பழைய சி.எஸ்.ஆர். எண்ணைக் குறிப்பிட்டு எட்டாவது படியிலிருந்து தொடரலாம். கோட்டாட்சியர் உத்தரவை மீறினால் உத்தரவு நகலோடு காவல் நிலையம் போங்கள். தொல்லையைத் தொடராதே என்ற அதிகாரபூர்வத் தடைக்குப் பின்னும் செய்தால் ஆறு மாதம் வரை சிறை, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், இதில் எஃப்.ஐ.ஆரும் கேட்கலாம்.

பெரும்பாலும் மீண்டும் தலைதூக்குவது ஏப்ரல், மே சீசனில். மார்ச் மாதமே கேர்டேக்கர் எண்களை ஒருமுறை அழைத்துச் சரிபாருங்கள், ஆள் மாறியிருப்பார்கள். ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டரும் மாறியிருக்கலாம்; பழைய மனுவின் நகல் ஒன்றைக் கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள்.